ஒன்பதாவது படம்

அந்தக் கல்லூரியில் 'யாருக்கு டீச்சர்' எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கையைக் காட்டிவிடுவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் எல்லோரும் முழிப்பார்கள். கிராஃபிக் டிசைன் பிரிவில் இருபத்தாறு வருஷ சர்வீஸ். பிள்ளைகள் எந்த வேலையைக் கொண்டுவந்து நீட்டினாலும் நிறம் எப்படி, எழுத்து எப்படி என்று முதலில் பார்க்கவே மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும் டீச்சர்" என்று சொல்லித் தொலைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். "எல்லாரும்னு ஒருத்தர் எந்தத் தெருவில குடியிருக்கார்? கூட்டிட்டு வா, நானும் ஒரு தடவை பார்க்கறேன்" என்பார். வகுப்பு சிரிக்கும். மாட்டிக்கொண்ட ஆள் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விடும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கேள்வியால் உருப்பட்டவர்கள் நிறையப் பேர். மாத்திரை உறையில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா என்று அழகாக வரைந்து வந்தான் ஒருவன். டீச்சர் அவனை ஒரு நாள் முழுக்க மருந்துக்கடை வாசலில் உட்கார வைத்தார். "டீச்சர், நைட் ஷிஃப்ட் போறவங்களுக்கு விடியறதே சாயங்காலம்தான். சூரியனைப் பார்த்தா அவங்க தூங்கப் போற நேரம்னு நினைக்கறாங்க" என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். இன்னொருத்தி பஸ் வழித்தடப் படத்தைச் சிவப்பும் பச்சையுமாகப் போட்டாள். அதை வாங்கி நேராக வாசல் காவலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவருக்குப் பிறவியிலிருந்தே அந்த இரண்டு நிறமும் ஒன்றுதான். "ரெண்டு பஸ்ஸும் ஒரே ஊருக்காம்மா போகுது?" என்று கேட்டார் மனுஷர். அவ்வளவுதான், அந்தப் பெண்ணுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

மருத்துவமனை போஸ்டர் என்று ஒரு குழு கொண்டுவந்தது. படத்தில் பத்துப் பேர், பத்துப் பேரும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே பல்வரிசை. "எல்லாரையும் ஒரே டப்பாவில முக்கி எடுத்தீங்களா? உங்க அம்மா இதுல எங்க? கைத்தடியோட நடக்கறவங்க எங்க? இந்தப் படத்தைப் பார்க்கறவங்க, இந்த ஆஸ்பத்திரி நமக்கு இல்லைன்னு திரும்பிப் போயிடுவாங்க" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். "பார்க்கறவங்க முட்டாள்னு நினைச்சு வரையாதே. அவங்க வீட்டுக்கு நீ போனதில்லை, அதான் விஷயம்" என்பதை வருஷத்துக்கு நூறு தடவையாவது சொல்வார்.

அப்படிப்பட்டவர் செய்த தப்பைத்தான் சொல்ல வந்தேன்.

ஊர் ஓரத்தில் பட்டாணியும் சோளமும் உறைய வைத்துப் பொட்டலம் போடும் ஆலை ஒன்று இருந்தது. குளிரூட்ட அம்மோனியா வாயு. கூரைக்கடியில் ஆள் கனத்துக்குக் குழாய்கள் ஓடும். முந்தைய வருஷம் அதில் ஒன்று லேசாகக் கசிந்துவிட்டது. பொட்டலக் கூடத்தில் நாற்பது பெண்கள். கண் எரிகிறது, மூக்கு எரிகிறது, இருமலாக வருகிறது. ஆனால் பதினொரு நிமிஷம் ஒருத்தரும் மேஜையை விட்டு நகரவில்லை. நாலு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, அது அவர்கள் செய்த புண்ணியம். அதில் ஒருத்திக்குக் குரல் போனது போனதுதான்.

விசாரணை வைத்த நிர்வாகம் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது. வெளியே போக வழி தெரியவில்லையாம். ஆறு மொழிக்காரர்கள் வேலை செய்யும் இடம், எழுதி மாட்டினால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள், எழுத்தே இல்லாமல் படத்தால் சொல்லும் பலகைகள் வேண்டும் என்று கல்லூரிக்கு வந்தார்கள். ஊரிலேயே இதற்கு ஏற்ற ஆள் யார்? நம்ம யாருக்கு டீச்சர்தான்.

கல்லூரி முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. "இப்பல்லாம் கம்ப்யூட்டரே படம் போடுது, உங்க பிரிவு எதுக்குன்னு மேலிடத்துல கேக்கறாங்க டீச்சர். இது ஒண்ணு நல்லா அமைஞ்சா அவங்க வாய் அடைஞ்சிடும்" என்றார். டீச்சர் கடைசி வருஷ மாணவர்கள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார்.

பன்னிரண்டு படங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார்கள். கையை வரைந்தால் அந்தப் பெண்கள் மாட்டும் அதே நீலக் கையுறையோடு வரைந்தார்கள். முகத்துக்கு எந்த இனத்துச் சாயலும் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பதாவது படம்தான் எல்லாவற்றுக்கும் உயிர். பச்சைப் பலகையில் ஒரு கதவு, அதன் வழியாக வெளியே ஓடும் ஓர் ஆள். கூடத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கதவுக்கு மேல் அது வரவேண்டும். குழாய் வெடித்தால் வாயு வாசல் பக்கம்தான் முதலில் நிரம்பும், பக்கக் கதவு ஒன்றுதான் வழி என்று பொறியாளர் சொல்லியிருந்தார். அந்தப் படம் புரிந்தால் நாற்பது பேரும் பிழைப்பார்கள். புரியாவிட்டால் மிச்சப் பதினொரு படமும் தண்டம்.

படம் முடிந்தால் மக்களிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். அதற்கு டீச்சரிடம் மூன்று சட்டம் உண்டு. சோதிக்கும்போது மேலாள் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. 'புரியுதா' என்று கேட்கவே கூடாது. 'இதைப் பார்த்தா நீங்க என்ன பண்ணுவீங்க' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகள் காதில் ஓதி ஓதி அவருக்கே அலுத்துப்போன சட்டங்கள்.

ஆலைக்காரர்கள் மதிய இடைவேளையில் இருபது நிமிஷம் கொடுத்தார்கள். நாற்பது பேர், பன்னிரண்டு படம், இருபது நிமிஷம். எப்படிக் கேட்பது, எப்படிக் காத்திருப்பது? டீச்சர் ஒரு படிவம் அடித்தார். படத்தின் எண், பக்கத்தில் 'புரிந்தது', 'புரியவில்லை' என்று இரண்டு கட்டம். மாணவர் ஒருவருக்கு ஐந்து பெண்கள். மாணவர்கள் படப் புத்தகத்தைப் பெண்கள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்கள். அவர்கள் கண் படிவத்தில் இருந்தது. "ஒண்ணு புரியுதாங்க? ரெண்டு புரியுதாங்க?" சூப்பர்வைசர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடந்தார். முரட்டு ஆளெல்லாம் இல்லை, மெதுவாகப் பேசுகிறவர். "டீச்சரம்மா கேக்கறாங்க இல்ல, சொல்லுங்க" என்று சிரித்தார்.

நானூற்று எண்பது கட்டத்திலும் 'புரிந்தது'. ஒன்றுகூடத் தப்பவில்லை.

முதல்வர் அந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் மாட்டினார். டீச்சரும் மனுஷிதானே, பூரித்துப்போனார். வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டுக்கொண்டே, "நானூத்தி எண்பதுல ஒருத்தர்கூடவா தலையைச் சொறியல?" என்றார்.

"உங்களுக்குப் பொறாமை."

"இருக்கும். நான் பார்த்த லிஃப்ட்ல நிறைய இடத்துல கதவு மூடற பட்டனுக்குப் பின்னால கம்பியே கிடையாது. சும்மா ஒரு பட்டன். எல்லாரும் அமுக்குவாங்க, கதவு அது பாட்டுக்கு அது நேரத்துக்கு மூடும். அமுக்கினவங்க, நாமதான் மூடினோம்னு சந்தோஷமா மேல போவாங்க. இத்தனை வருஷத்துல ஒரு புகார் வந்ததில்லை."

டீச்சர் சிரித்தார். சிரித்துவிட்டுத் தட்டு கழுவப் போனவர், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பலகைகள் அச்சாகி, ஆலையில் மாட்டியும் ஆயிற்று. திங்கட்கிழமை திறப்பு விழா, பாதுகாப்பு அதிகாரி வருகிறார், ஒத்திகை நடத்திக் காட்டப்போகிறார்கள். முந்தைய வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டீச்சர் அறிக்கைக்காகத் தாள்களைக் கோத்துக்கொண்டிருந்தார். அன்று ஆலைக்குக் கொண்டுபோன படப் புத்தகங்கள் எட்டும் மேஜைமேல் இருந்தன. ஒன்றை எடுத்துப் புரட்டினார். ஏழு, எட்டு, அடுத்து ஒன்பது.

ஒன்பதாவது தாளில் கதவு இல்லை. ஓடும் ஆளும் இல்லை. நாலு வட்டம், நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கீழே வரிசையாகச் சில கோடுகள்.

லேப் பிரிண்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அது மை சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு தாளைத் துப்பும். தினமும் பார்க்கிற தாள். அச்சடிக்கும்போது நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. பிரிண்டர் துப்பிய தாள் ஒன்பதாவது படத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு கட்டை அப்படியே கலர் ஜெராக்ஸ் போட்டு எட்டுப் புத்தகம் தைத்திருக்கிறார்கள். டீச்சர் மற்ற ஏழு புத்தகங்களையும் புரட்டினார். எட்டிலும் அதே நாலு வட்டம்.

படிவங்களை எடுத்தார். ஒன்பது, புரிந்தது. ஒன்பது, புரிந்தது. நாற்பது பேருக்கும் நாலு வட்டம் புரிந்திருக்கிறது.

உயிரான அந்த ஒரு படத்தை யாரிடமும் காட்டவே இல்லை, அது ஒன்று. அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. பிரிண்டரின் உளறலுக்கே 'புரியுது' என்று தலையாட்டியவர்கள், மற்ற பதினொன்றுக்கும் சொன்ன 'புரியுது'க்கு என்ன மதிப்பு? நானூற்று எண்பது பட்டன்கள், பின்னால் ஒரு கம்பிகூட இல்லை.

அந்த எட்டு மாணவர்களில் ஒருத்தி கீச்சு. பேசினால் குரல் கீச்சென்று போகும் என்பதால் அந்தப் பெயர். அதனாலோ என்னவோ வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவள் அம்மா அதே ஆலையில் பொட்டலம் போடுகிறவள். குரல் போனது என்றேனே, அந்த அம்மாதான். சோதனை நாளில் கீச்சுவிடம் வந்த ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. டீச்சர் கீச்சுவைக் கூப்பிட்டு நாலு வட்டத்தைக் காட்டினார்.

"இதை நீ பார்க்கலையாம்மா?"

கீச்சு தரையைப் பார்த்தாள். "பார்த்தேன் டீச்சர்."

"பார்த்தியா? எப்போ?"

"அம்மாகிட்ட காட்டும்போது. தாள் கொஞ்சம் திரும்பிச்சு. தெரிஞ்சுது."

"ஏன்டி சொல்லல?" குரல் உயர்ந்துவிட்டது. அவர் மாணவர்களை 'டி' போட்டுப் பேசுகிறவர் இல்லை.

"வேன்ல வரும்போது நீங்க, எல்லாம் சரியா நடந்துதா, புரியுதான்னு கேட்டீங்க. எல்லாரும் புரியுது டீச்சர்னாங்க. நானும் சொல்லிட்டேன்." கீச்சுவின் கண் கலங்கியிருந்தது. "எங்க அம்மா எதுக்குமே புரியுதுன்னுதான் சொல்லுவாங்க டீச்சர். இல்லைன்னா எதிர்ல இருக்கறவங்க கோச்சுப்பாங்களோன்னு. நான்கூட உங்க கிளாஸ்ல அப்படித்தான். மூணு வருஷமா."

ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் கையிலிருக்கும் தூசியைத் தட்டிக்கொண்டு, "என்ன, புரியுதா?" என்று கேட்பது அவர் வழக்கம். வரிசை வரிசையாகத் தலைகள் ஆடும். பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டவர் தனக்கு மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷத்துத் தலைகளும் ஒன்றாக ஆடுவது போல இருந்தது அவருக்கு. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீச்சுவின் வீட்டுக்குப் போனார். மாடியில் ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், சுவரோரம் கீச்சுவின் வரைபடச் சுருள்கள். அம்மா சின்ன உருவம். டீச்சரைப் பார்த்ததும் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பேசினால் காற்றுதான் அதிகம் வந்தது, குரல் அடியில் எங்கேயோ கரகரத்தது.

டீச்சர் நிஜமான ஒன்பதாவது படத்தை மடியில் வைத்துக் காட்டினார். நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கினார். "இதைப் பார்த்தா நீங்க என்ன பண்ணுவீங்கம்மா?"

அந்த அம்மா மகளைப் பார்த்தாள். டீச்சர் காத்திருந்தார். தெருவில் ஒரு வண்டி போய், இன்னொரு வண்டியும் போயிற்று.

"ஒண்ணும் பண்ணமாட்டேன்மா. நான் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன்."

"ஏன்? இந்தப் படத்துல என்ன இருக்கு?"

"அதான் தெரியுதே, வேலை போனவன்." டீச்சருக்கே அது தெரியாதா என்பது போலப் பார்த்தாள். "அந்தப் பக்கக் கதவு அதுக்குத்தானே. யாரையாவது வேலையை விட்டு எடுத்தா வாசல் வழியா அனுப்பமாட்டாங்க. மத்தவங்க பார்த்துப் பேச்சு வரும்னு, சூப்பர்வைசர் அந்தக் கதவைத் திறந்து அப்படியே வெளிய விட்டுடுவாரு. பையைக்கூட அப்புறமாத்தான் கொடுத்தனுப்புவாங்க. அந்தக் கதவுல போன யாரும் திரும்பி வந்ததில்லை. நாங்க அதுகிட்டகூடப் போகமாட்டோம். இப்ப மேல படமும் மாட்டிட்டாங்களா, கொஞ்சம் அதிகமா பயந்துபோய்க் கிடக்கோம்."

இதைத்தான் டீச்சர் ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினார். அவங்க வீட்டுக்கு நீ போனதில்லை, அதான் விஷயம். பலகை மாட்டியதால் வழி திறக்கவில்லை. கொஞ்சநஞ்சம் திறந்திருந்ததையும் அவரே பூட்டியிருக்கிறார்.

"போன வருஷம் கசிஞ்சுதே, அன்னிக்கு வழி தெரியாமலா நின்னீங்க?"

"வழி தெரியாம என்ன? கண்ணுக்கு நேரா இருக்கு. சூப்பர்வைசர் அன்னிக்குச் சாப்பிடப் போயிருந்தாரு. யார் சொல்லிப் போறது? சொல்லாம போனா..." இருமல் வந்து பேச்சு நின்றது. கீச்சு தண்ணீர் கொடுத்தாள்.

டீச்சர் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அந்தப் படம் என்ன, சைரன் அடித்தால் யாரையும் கேட்காமல் அந்தக் கதவு வழியாக ஓடவேண்டும், அதற்காக யாரும் வேலையை விட்டு எடுக்க முடியாது, உயிர்தான் முக்கியம். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"சரிம்மா. புரியுது."

அதைக் கேட்டதும் டீச்சருக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

மதியம் முதல்வர் வீட்டில் போய் நின்றார். முதல்வர் நாலு வட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தாளை மெதுவாக நாலாக மடித்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, அந்தப் பொண்ணுக்கு."

"அப்படியே இருக்கட்டும். விழா முடியட்டும். ஒரு மாசம் கழிச்சுக் காதும் காதும் வெச்ச மாதிரி மாத்திக்கலாம்."

"இந்த ஒரு மாசத்துல கசிஞ்சா சார்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை கசியறது நாளைக்கேவா கசியும்? டீச்சர், நான் சொல்றதைக் கேளுங்க. பொய்க்கணக்கு கொடுத்தோம்னு வெளிய வந்தா உங்க பிரிவை இந்த வருஷமே இழுத்து மூடுவாங்க. உங்க வேலையும் போகும். நாளைக்கு ஒத்திகை இருக்கில்ல, அவங்க ஒழுங்கா வெளிய வந்துட்டாங்கன்னா முடிஞ்சுது கதை. வராமப் போனாப் பேசலாம்."

டீச்சர் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டார், "கம்பி இல்லையா?" டீச்சர் இல்லை என்று தலையை அசைத்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணி. பக்கக் கதவுக்கு வெளியே இருந்த வெட்டவெளியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆலை மேலாளர், முதல்வர், பேனாவைச் சட்டையில் குத்திய ஒல்லியான பாதுகாப்பு அதிகாரி, எட்டு மாணவர்கள். காற்றில் லேசாக ஒரு நெடி. எப்போதும் இருப்பதுதான் என்றார் மேலாளர்.

சைரன் அலறியது. அடித்த வேகத்திலேயே பக்கக் கதவு திறந்தது. முன்னால் சூப்பர்வைசர், கையை வீசி, "வாங்க, வாங்க, வரிசையா வாங்க" என்றார். பின்னால் நாற்பது பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "அம்பத்தஞ்சு செகண்ட். பிரமாதம்!" கைதட்டல் எழுந்தது. முதல்வர் டீச்சர் பக்கம் திரும்பி, அப்பாடா என்று ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கலாம். பிரிவு பிழைத்தது, வேலை பிழைத்தது, பேரும் கிடைத்தது.

பெண்கள் வந்த வழியே உள்ளே போனார்கள். கீச்சுவின் அம்மா கடைசியாகப் போகும்போது கதவின் மேல் இருந்த பலகையைப் பார்க்காமல் அடியில் குனிந்து போனதை டீச்சர் பார்த்தார். அதிகாரி பேனாவை உருவிக் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

"சார், இன்னொரு தடவை" என்றார் டீச்சர்.

"என்னம்மா?"

"இன்னொரு தடவை சைரன் போடுங்க. உள்ள யாருக்கும் சொல்லவேண்டாம். சூப்பர்வைசர் இங்க, என் பக்கத்துல நிக்கட்டும்."

முதல்வர் முகம் சுண்டிப்போனது. "டீச்சர், நேரமாகுது." மேலாளர், "எதுக்குங்க, அதான் பார்த்தாச்சே" என்றார். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. அதிகாரியை மட்டும் பார்த்து, "நான் எடுத்த சோதனை தப்பு சார். நாற்பது பேரும் புரிஞ்சுதுன்னு சொன்னது பிரிண்டர் துப்பின தாளுக்கு. அந்தக் கதவு மேல இருக்கற படத்தை நான் யாருக்குமே காட்டல. நேத்து ஒருத்தருக்குத்தான் காட்டினேன். அவங்களுக்கு அது வேலை போனவன் படம்" என்றார். முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை குரல் உடையவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். "போடுங்க."

சைரன் மறுபடி அலறியது. கூரையிலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

கதவு மூடியே இருந்தது.

ஒரு நிமிஷம். "மெஷின் சத்தத்துல கேக்கலையோ" என்றார் மேலாளர். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிஷம். சூப்பர்வைசர் காலை மாற்றி மாற்றி வைத்தார். "நான் போய்க் கூப்பிடட்டுமா சார்?" அதிகாரி, கூடாது என்று கையைக் காட்டினார். மூன்று நிமிஷம். நாலு. கீச்சு வந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஐஸாக இருந்தன. அம்மா, அம்மா என்று உதடு மட்டும் அசைந்தது.

ஐந்தாவது நிமிஷம் டீச்சரால் தாங்க முடியவில்லை. போய்க் கதவைத் திறந்தார்.

நாற்பது பேரும் மேஜையில் இருந்தார்கள். குனிந்த தலை நிமிராமல், வழக்கத்தைவிட வேகமாகப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சைரன் கூரையில் மோதி மோதித் திரும்பியது. சிலர் முகத்தில் வேர்த்துக் கொட்டியது, அந்தக் குளிரில். கதவு திறந்ததும் அத்தனை கைகளும் ஒரு கணம் நின்றன. வந்தது டீச்சர் என்று தெரிந்ததும் மறுபடி ஓட ஆரம்பித்தன.

கீச்சுவின் அம்மா மூன்றாவது மேஜையில். டீச்சர் அவளருகே போய், சத்தத்துக்கு மேலே கத்தினார். "ஏம்மா வரல? நேத்து அவ்வளவு சொன்னேனே!"

அந்த அம்மா டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். மரியாதையாக, கொஞ்சம் வருத்தமாகக்கூடச் சிரித்தாள். குரலே இல்லாத குரலில், டீச்சர் காதருகே வந்து சொன்னாள்.

"சொன்னீங்கம்மா. நல்லாப் புரிஞ்சுது. அவர் இன்னும் கூப்பிடலையே."

சொல்லிக்கொண்டே அடுத்த பொட்டலத்தை இழுத்தாள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். திறந்த கதவுக்கு வெளியே மேலாளர் முதல்வரைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதல்வர் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார், சூப்பர்வைசர் மேலாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைரனை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.